கடைசிக் காட்சி பார்க்காத லைட்டக்கா

டார்ச்சின் பின்மூடியைத் திருகி, இரண்டு பேட்டரிகளையும் வெளியே எடுத்து, முனைகளைச் சேலைத் தலைப்பில் தேய்த்து, ஒன்றைக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போடுகிறார் லைட்டக்கா. ஆட்டினால் என்ன கேட்கும் என்று கேட்டால், "உசுரு இருக்கான்னு பாக்குறேன்" என்கிறார். பிறகு உள்ளங்கையில் ஒரு தட்டு. வெளிச்சம் வந்தால் தலையை ஆட்டிக்கொள்வார். வராவிட்டால் டார்ச்சைத் திட்டுவார், பெற்ற பிள்ளையைத் திட்டுவதுபோல.

நாடகம், கச்சேரி, பள்ளி ஆண்டுவிழா என்று எது நடந்தாலும் வருகிறவர்களை இருட்டில் அவரவர் நாற்காலிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. சொந்தப் பெயர் அரங்க மேனேஜருக்கே மறந்துவிட்டது. சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டிருப்பார், நடக்கிற சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காக. பல வருடம் இருட்டிலேயே பேசியதில் குரலும் கிசுகிசுப்பாகவே நின்றுவிட்டது. காய்கறிக் கடையில் அவர் வாய் திறந்தால் கடைக்காரர் ஏதோ ரகசியம் என்று குனிந்து காதைக் கொடுக்கிறார். "தக்காளி பூரா அழுகல்" என்கிறார் லைட்டக்கா, அந்தக் காதுக்குள்.

"மூஞ்சில லைட் அடிக்கக் கூடாது, ஊர்சுத்தி. வந்தவங்க என்ன திருடனா? கால்ல அடிக்கணும். கால் வைக்கிற எடம் தெரிஞ்சா ஆளு தானா போயிரும்."

ஊர்சுத்தி என்பது நான். சில வருடங்கள் தேசம் தேசமாக அலைந்துவிட்டு வந்து, அவர் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறேன். ஓரிடத்தில் உட்காரப் பழகுவதற்காக அரங்கக் கதவோரம் அவருடைய ஸ்டூலுக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டூல் போட்டுக்கொள்கிறேன். பார்த்தவரையில், அவருடைய வெளிச்சம் எப்போதும் நடப்பவர் காலுக்கு ஓரடி முன்னால் போகிறது. கால் தயங்கினால் வெளிச்சம் ஒரு குலுக்குக் குலுக்கிக் கூப்பிடும். இதுவரை ஒருவரையும் தப்பான இடத்தில் உட்கார வைத்ததில்லை என்பது அவர் பெருமை. மேனேஜரின் மாமியாரை ஒருமுறை மேளச் சத்தம் காதைப் பிளக்கும் இடத்தில் உட்கார வைத்தது கணக்கில் வராதாம். அது தெரிந்தே செய்தது.

கதை முடியப்போகும் நேரத்தில் லைட்டக்கா வெளியே வந்துவிட வேண்டும். திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டி, கதவுகளைக் கொக்கியில் மாட்டி, கூட்டம் முட்டிக்கொள்ளாமல் நடைவழியில் நிற்க வேண்டும். பகலிலும் இருட்டாக இருக்கிற நடைவழி அது. வலப்பக்கம் போனால் கண்ணாடிக் கதவு, முன்வாசல், பெரிய தெரு. இடப்பக்கம் போனால் பின்சந்து. சந்தின் கோடியில் அவர் வீடு. இந்த வேலையால் இத்தனை வருடத்தில் அவர் எதனுடைய முடிவையும் பார்த்ததில்லை. அதில் வருத்தமும் கிடையாது. வெளியே வரும் முகங்களைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

"மூக்கை உறிஞ்சிக்கிட்டு வந்தா பிரிஞ்சுட்டாங்க. பசிக்குதுன்னு சொல்லிக்கிட்டு வந்தா சேந்துட்டாங்க. செருப்பையே பாத்துக்கிட்டு நடந்தா பெரியவங்க யாரோ போயிட்டாங்க. அவ்ளோதான். இதுக்கு எதுக்கு உள்ள உக்காந்து கண்ணைக் கெடுத்துக்கணும்?"

இந்தக் கணக்கு தப்பி நான் பார்த்ததில்லை, ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த ஒரு பாட்டு நாடகம் இங்கே வந்து இறங்கும்வரை.

பழைய படம் ஒன்றை மேடைக்கு மாற்றியிருந்தார்கள். அந்தப் படம் தெரியாத வீடு கிடையாது. கோபித்துக்கொண்டு பெட்டியோடு அம்மா வீட்டுக்குப் போன மனைவி கடைசியில் திரும்பி வந்து வாசலில் நிற்பாள். கணவன் கதவைத் திறப்பான். படம் முழுக்க வாய் திறக்காத ஆள். அப்போதும் இரண்டே வார்த்தை: "பெட்டியக் குடு." வாங்கிக்கொண்டு உள்ளே போவான். அவளும் போவாள். பஸ்ஸில் ஒருவருக்கொருவர் மூட்டையை ஏற்றிவிடும்போதுகூட ஜனங்கள் அந்தக் குரலில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

முதல் நாள் குழப்பம் வாசலிலேயே தொடங்கியது.

"ஹீரோ நேர்ல வர்றாராக்கா?"

"இவரு வேற ஆளு."

"போஸ்டர்ல அதே மீசையா இருக்கே?"

"மீசை மட்டும் அவருது."

உள்ளே, நடிகர்கள் வாய் திறக்கும் முன்பே கூட்டம் வசனத்தைச் சொல்லிவிட்டது. நடிகர்களுக்குப் பதில் சொல்லும் வேலைதான் மிச்சம். ரயில் காட்சியில் ஏழெட்டுப் பேர் கையில் விளக்கோடு வரிசையாக ஓடினார்கள். "ரயில் எங்கடா?" என்றது பின்வரிசை. இறந்துபோன மாமனார் அடுத்த பாட்டில் கும்பலோடு பின்னால் ஆடியதை ஒரு பெரியவர் கண்டுபிடித்துவிட்டார். "செத்தவன் என்னமா குதிக்கிறான் பாரு" என்று பக்கத்து நாற்காலியிடம் முறையிட்டார். யாரும் எழுந்து போகவில்லை. எங்கே கை தட்டுவது, எங்கே அழுவது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் தட்டினால் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு சந்தேகத்தோடு தட்டினார்கள்.

முடிவைப் பார்க்க நான் உள்ளேயே நின்றேன். மனைவி பெட்டியோடு வாசலில் நின்றாள். படத்தில் வரும் அதே பாட்டு. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. கதவு திறக்கவில்லை. விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தபோது வாசலில் பெட்டி மட்டும் இருந்தது. அவளைக் காணோம்.

"டேய், பெட்டியக் குடுன்னு சொல்லுடா!" என்று யாரோ கத்தினார். யாரும் சொல்லவில்லை. பிறகு நடிகர்கள் எல்லோரும் கை கோத்துக்கொண்டு வந்து குனிந்து வணங்கினார்கள். பாதிப் பேர் அதையும் கதை என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அன்று வந்த முகங்களை லைட்டக்காவால் படிக்க முடியவில்லை. ஒரு பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பசிக்கிறது என்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு குடும்பம் சண்டையோடு வந்தது.

"உள்ள போயிட்டா. பெட்டிய அப்புறமா அவன் வந்து எடுத்துக்குவான்."

"போடி இவளே. பெட்டியே வேணாம்னு போட்டுட்டுப் போயிட்டா."

"அப்ப எதுக்கு அவன் கையப் புடிச்சுக்கிட்டு நின்னு கும்புட்டா?"

"மாமனாரும்தான் கையப் புடிச்சிருந்தாரு. அவரு செத்து எவ்ளோ நேரமாச்சு!"

லைட்டக்கா என்னைப் பார்த்தார். கையில் டார்ச் அணைக்க மறந்து எரிந்துகொண்டிருந்தது. "படத்துல வர்ற முடிவு இதுல இல்லியா?" என்றார். இதைவிட மெல்லிய குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

காரணம் எனக்குத் தெரியும். அவருடைய ஒரே மகள் புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு வந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. பெட்டி மாடிப்படியடியில் இருந்தது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் ஏறி இறங்கினேன். அம்மாவும் மகளும் சண்டை போட்டால் எனக்குப் பாதிதான் கேட்கும். அம்மா கிசுகிசுப்பார், மகள் கத்துவாள்.

"அடிக்கல, குடிக்கல, எல்லாம் சரிம்மா. பேசவே மாட்டான்! ஒரு கோபம்னா வாரக்கணக்கா வாயத் தொறக்க மாட்டான். செவுத்தோட குடித்தனம் பண்றேன்!"

சிறிது அமைதி. அது அம்மாவின் முறை.

"அந்தப் படத்தை மட்டும் சொல்லாத!"

மறுநாள் ஸ்டூலில் உட்கார்ந்து, விட்டுப்போன பாதியை லைட்டக்கா எனக்குச் சொல்வார். "அந்தப் படத்துலயும் அவன் பேச மாட்டான்ல? ஆனா கடைசில பெட்டிய வாங்குறான் பாரு. அது போதாதா ஒரு பொம்பளைக்கு? இத நான் சொன்னா இவளுக்கு ஏறல."

அதனால்தான் நாடகம் வருகிறது என்றதும் குதித்தார். ஊழியர்களுக்குக் கொடுக்கும் பாஸைக் கடைசி நாள் மதியக் காட்சிக்கு வாங்கி மகள் கையில் திணித்தார். மருமகனுக்கு ரகசியமாகப் போன் போட்டார். "மாப்பிள்ளை, நாடகம் முடியிறப்ப முன்வாசல்ல வந்து நில்லுங்க. அவ வருவா. 'பெட்டியக் குடு'ன்னு கேளுங்க. அது ஒண்ணு போதும், வேற ஒண்ணும் பேசிறாதீங்க." வேறொன்றும் பேசாமலிருப்பது மருமகனுக்குப் பிரச்சினையே இல்லை. பெட்டியை அன்றைக்கு அரங்கத்துக்குத் தானே எடுத்துவந்து ஸ்டூலுக்கு அடியில் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. படத்தின் முடிவை மகள் பார்ப்பாள், மனம் இளகி வெளியே வருவாள், அங்கே வாழ்க்கை அப்படியே நின்றுகொண்டிருக்கும். ஊருக்கெல்லாம் முடிவை முகத்தில் படிப்பவர், இந்த நாடகத்தின் முடிவை ஒருவரிடமும் கேட்காமலேயே எல்லாம் செய்து முடித்திருந்தார்.

முதல் காட்சிக்கு அடுத்த நாட்களில், அவள் உள்ளே போனாளா இல்லையா என்று அவர் எல்லோரிடமும் கேட்டார். கேன்டீன்காரர், "அது மாடர்ன், அதுல அப்படித்தான், முடிவே கெடையாது" என்றார். மேனேஜர், "ரெண்டு மணி நேரம் பாடுனதுல அவ டயர்டாகி உள்ள போயிருப்பா" என்றார். "நீ ஒலகமெல்லாம் பாத்தவதானே, நீ சொல்லு" என்று என்னைப் பிடித்தார். இரண்டாம் முறையும் பார்த்துவிட்டு வந்து, "போன மாதிரியும் இருக்கு, போகாத மாதிரியும் இருக்குக்கா" என்றேன். "இதத் தெரிஞ்சுக்கவா இத்தன ஊரு சுத்துன?" என்றார்.

கடைசியில் மனைவியாக நடிப்பவளையே மடக்கினார். அவள் பக்கவாட்டுப் படியில் உட்கார்ந்து காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீ உள்ள போறியா, வெளிய போறியா?"

"எனக்கும் தெரியாதுக்கா. கேட்டா டைரக்டர் சிரிக்கிறாரு. லைட் அணைஞ்சதும் பெட்டிய விட்டுட்டு ஓடிருன்னாரு. ஓடிருவேன்."

"எந்தப் பக்கம்?"

"இருட்டுல என்ன தெரியும்? எந்தப் பக்கம் கால் போகுதோ அந்தப் பக்கம்."

"ஒருத்தர் நின்னு ஒரு லைட் காட்ட மாட்டாங்களா உனக்கு?"

"காட்டுனா, காட்டுன பக்கம்தானே போவேன்?" என்று சிரித்துவிட்டு அவள் அடுத்த காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

லைட்டக்கா சிரிக்கவில்லை. அன்றைக்கு ஒருவரை அவர் தப்பான வரிசையில் உட்கார வைத்தார்.

மகளிடமிருந்து பாஸைத் திரும்ப வாங்கப் பார்த்தார். அன்று மகளின் பாதி எனக்கு மாடிவரை கேட்டது. "போ போன்னு உயிரை எடுத்ததும் நீ, இப்ப நல்லா இல்லையாம் போகாதங்குறதும் நீ. போயே தீருவேன்!" மருமகனுக்குப் போன் போட்டார். வர வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர், "சரி... வெயிலா இருக்கும், பாத்து வாங்க மாப்பிள்ளை" என்று வைத்துவிட்டார். ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டேன். "தெரியலியே" என்றார், எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும் என்பதுபோல.

கடைசி நாள் மதியம், மகளை அவரே வெளிச்சம் காட்டிக் கூட்டிப்போய் நடுவரிசையில் உட்கார வைத்தார். பெட்டி சொன்னபடி ஸ்டூலுக்கு அடியில் இருந்தது. எடுத்து வந்திருக்க வேண்டாம். எடுத்து வராமலும் இருக்க முடியவில்லை போலிருக்கிறது. நாடகம் முழுக்க அதைக் காலால் உள்ளே தள்ளுவதும், கொஞ்ச நேரம் கழித்து வெளியே இழுப்பதுமாக இருந்தார்.

கடைசிப் பாட்டு கேட்டதும் எழுந்து திரையை ஒதுக்கினார், கதவுகளைக் கொக்கியில் மாட்டினார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மருமகன் வந்து நின்றிருந்தார், கையில் ஹெல்மெட். அவருடைய உதடு அசைவது இங்கிருந்தே தெரிந்தது. ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே பாட்டு நின்றது. கைதட்டல் தயங்கித் தயங்கி வந்தது. ஜனங்கள் வெளியே வந்தார்கள், போயிட்டா, போகல, போயிட்டா என்று. லைட்டக்கா ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. கூட்டம் வலப்பக்கம் போய்த் தீர்ந்தது. எல்லோருக்கும் கடைசியாக மகள் வந்தாள்.

அவள் அழுதிருக்கவில்லை. பசிக்கிறது என்றும் சொல்லவில்லை. ஸ்டூலடியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள், பிறகு கண்ணாடிக்கு அப்பால் நின்றவரைப் பார்த்தாள். எல்லாம் புரிந்திருக்க வேண்டும்.

"எல்லாரும் அவனப் பேசச் சொல்லித்தாம்மா கத்துறாங்க" என்றாள். "அந்தப் பொண்ண ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல."

லைட்டக்கா வாய் திறந்தார். அந்தப் படத்தைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். குனிந்து பெட்டியை இழுத்து மகளின் காலடியில் வைத்தார். மகள் அதைக் கையில் எடுத்தாள். எடுத்துக்கொண்டு, இருட்டில், வலமும் இல்லாமல் இடமும் இல்லாமல் நின்றாள்.

லைட்டக்கா டார்ச்சை உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினார். வெளிச்சம் மகளின் காலில் விழுந்தது. காலுக்கு முன்னால் அல்ல, காலின் மேலேயே. அது குலுங்கவில்லை, கூப்பிடவில்லை. அவர் இன்னொரு கையாலும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டார்.

மகளின் கால் நகர்ந்தது. அதற்குப் பிறகுதான் வெளிச்சம் நகர்ந்தது.