அக்கா கோணல் எடுத்த ரம்ப மெஷின்

எங்கள் அக்காவின் படத்துக்கு மாலை போட வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். பெருமையாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது கல்மண்டபம். வாழ்க்கைப்பட்டது திருவொற்றியூர். கடலுக்குப் போன மாமா திரும்பாத பிறகு, இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு, துறைமுகத்துக்கு மரப்பெட்டி அடிக்கும் பட்டறையில் பெருக்கும் வேலைக்குப் போனார். துடைப்பம் பிடித்த கை அங்கேயே ரம்பமும் பிடித்தது. பிறகு மேசைமேல் வைக்கும் சின்ன ரம்ப மெஷின் ஒன்றை, இருப்பதிலேயே மலிவாகப் பார்த்து வாங்கி, வீட்டு முன்னறையில் கேரம் போர்டு செய்ய ஆரம்பித்தார். "பொம்பள செஞ்ச போர்டுல ஸ்ட்ரைக்கர் திரும்புமா?" என்று சிரித்தவர்கள் உண்டு. நம் பக்கத்தில் கேரம் என்றால் சும்மாவா? சட்டத்தின் மூலை துளி இடைவெளி விட்டிருந்தாலும் அடிக்கிற சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஏரியா கிளப் முதல்முறையாகப் போட்டிக்கு எட்டு போர்டு கேட்டது. அந்த வாரம் பார்த்து அக்கா வீடு மாறினார். மெஷினை வண்டியிலிருந்து இறக்கியவன் நான். கை நழுவி, ஒரு மூலை 'ணங்' என்று தரையில் விழுந்தது. வெளியே கீறல்கூட இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் வெட்டிய கட்டையெல்லாம் விளிம்பு கருகியது. மூலைகள் சேரவில்லை. "கடல்காத்துல கட்டை ஈரம் குடிச்சிகீதுக்கா" என்று கூசாமல் சொன்னேன். அக்கா நம்பி, கட்டைகளை வெயிலில் காயவைத்தார். அப்போதும் கருகியது. கிளப்பின் பெரியவர் வந்து பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, வேற எடத்துல சொல்லிடட்டா?"

"ரெண்டு நாள் குடுண்ணா. கோணலா ஒண்ணுகூட என் வூட்லேர்ந்து வெளிய போவாது."

அக்கா பிளக்கைப் பிடுங்கினார். பிளேடின் ஒரு பல்லில் சாக்பீஸால் குறி வைத்தார். கட்டையை நேராகத் தள்ளுவதற்காக மெஷின் மேசையில் வெட்டியிருக்கும் பள்ளத்தை ஒட்டி, ஒரு திருகாணி பதித்த குச்சியை நகர்த்தினார். முன்பக்கம் அந்தப் பல் ஆணியில் 'கிர்' என்று உரசியது. அதே பல்லைப் பின்பக்கம் திருப்பி, குச்சியையும் அங்கே நகர்த்தினால் உரசவே இல்லை. நகம் நுழையும் இடைவெளி; பிளேடு பள்ளத்துக்கு நேராக இல்லாமல் கோணி நின்றது. "பாவம், கட்டை மேல பழி போட்டோமே" என்றார்.

மெஷினைக் கவிழ்த்து, பிளேடு மாட்டிய மோட்டாரைத் தாங்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, மரத்துண்டால் தட்டித் தட்டி நகர்த்தினார். இறுக்கும்போது மறுபடி நகர்ந்துவிடும். மறுபடி தட்டுவார். சோற்றைக்கூட மறந்து நாள் முழுக்க அதே வேலை. கடைசியில் முன்னாலும் பின்னாலும் ஒரே உரசல்.

எட்டு போர்டும் சொன்னபடி கிளப்புக்குப் போயின. பெரியவர் நாலு பக்கமும் ஸ்ட்ரைக்கரை அடித்துப் பார்த்து, "இனிமே நம்ம கிளப்புக்கு தங்கச்சி போர்டுதான்" என்றார். யப்பா, அன்றைக்கு அக்கா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

பெரியவர் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினார். "அடுத்த தபா மெஷினை எறக்கறப்போ அடியில கை குடுத்து புடி நைனா." அவ்வளவுதான். தெரிந்தும் ஒரு சொல் திட்டவில்லை. நான்தான் ஒப்புக்கொள்ளாமலே இருந்துவிட்டேன்.

அந்த போர்டுகள்தான் இரண்டு பெண்களையும் படிக்க வைத்தன. மூச்சு நோயில் படுத்த கடைசி மாதங்களிலும் கட்டையைத் தடவிப் பார்த்துத் தரம் சொன்னார். அப்போது மாறிமாறித் துணையிருந்த தெருப் பெண்களுக்கும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன ஆட்டோ நண்பர்களுக்கும், தோள் கொடுத்த கிளப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

காரியத்துக்காக முன்னறையைக் காலி செய்தபோது மெஷினை நான்தான் தூக்கினேன், அடியில் கை கொடுத்து. இறக்கி வைத்ததும் அக்காவின் குச்சியை எடுத்துப் பள்ளத்தில் ஓட்டிப் பார்த்தேன். முன்னால் உரசியது. பின்னாலும் உரசியது. அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னேன்: "நான்தான்க்கா கீழ போட்டேன்."