இறைத்த கிணறு

பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்க வந்த பெண்பிள்ளை, போத்தலைக் கயிற்றில் கட்டி எங்கள் கிணற்றுக்குள் இறக்கினாள். முதல் பரிசோதனையிலேயே நைட்ரேட் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது என்று வந்திருந்தது. போத்தல் 'சளக்' என்று விழுந்தது.

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஒருநாள் அந்தச் சத்தம் கேட்டுத்தான் அப்பா தோட்டத்திலிருந்து ஓடி வந்தார். வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்க வந்த செல்லம்மா, அம்மா வந்து கையில் ஊற்றும்வரை தாகம் பொறுக்காமல், தானே வாளியை இறக்கிவிட்டாள்.

"உன்ரை சாதிக்கு எங்கடை கிணறு கேக்குதோ?"

அவள் குடிக்காமலே போனாள். அப்பா மெசினைப் போட்டுக் கிணற்றை வற்ற இறைத்தார். அந்தத் தண்ணீர் வெங்காயப் பாத்திகளில் பாய, சாக்கிலிருந்து யூரியாவை அள்ளி அள்ளி வீசினார். ஈரச் செம்மண்ணிலிருந்து நெடி மூக்கில் ஏறியது.

"இப்பதான் கிணறு சுத்தம்" என்றார்.

பெண்பிள்ளை போத்தலை மூடினாள்.

"தோட்டத்து உரம்தான் அன்ரி, வருசக்கணக்கா ஊறி இறங்கியிருக்கு. பேரப்பிள்ளைக்கு உந்தத் தண்ணியைக் குடுக்காதேங்கோ. வெளியாக்கள் ஆரும் இதிலை அள்ளுறவையோ? அவைக்கும் சொல்லவேணும்."

"இல்லைப் பிள்ளை. இந்தக் கிணத்தை நாங்கள் ஒருத்தரையும் தொட விடேல்லை."