சுகிர்தம் அக்கா போட்ட பாட்டுகள்

ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த மாசிலாமணி 1951-இல் இறந்தபோது அவர் மகள் சுகிர்தத்துக்கு வயது முப்பது. சீக்காளி அப்பாவைப் பார்த்துக்கொண்டதிலேயே கல்யாண வயது தாண்டிவிட்டது. ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்து கொடுத்துவிட்டு, ஸ்டேஷனுக்குப் பின்புறம் ஓர் ஒற்றை அறையில் தையல் மெஷினோடு குடியேறினாள். பெரிய கோயிலைச் சுற்றியிருந்த உத்தர வீதி, சித்திரை வீதிப் பெண்கள் அவளிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்தார்கள். அளவு ரவிக்கையையும் துணியையும் வாசற்படியில் வைத்துவிட்டு, "வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்" என்று தள்ளி நின்றே சொல்லிவிட்டுப் போவார்கள். வாரம் முழுக்க அவள் கேட்கிற பேச்சு அநேகமாக அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி, பீமநகர்ப் பக்கம் இருந்த ஒரு சின்ன வேதக்கோயிலுக்குப் போவாள். ஆராதனைக்கு ஆர்மோனியம் வாசிப்பது அவள்தான். என்னென்ன பாட்டு என்று தேர்ந்தெடுப்பதும் அவள்தான். 'பாட்டுப் போடுறது' என்று அதற்குப் பெயர். அடுத்த வாரப் பிரசங்கம் எதைப் பற்றி என்று போதகர் முந்தின வாரமே சொல்லிவிடுவார். அதற்குப் பொருத்தமாக ஆரம்பப் பாட்டு, பிரசங்கத்துக்கு முன்னால் ஒரு கீர்த்தனை, காணிக்கைப் பாட்டு, கடைசிப் பாட்டு என்று எண்களை எழுதிப் பலகையில் மாட்ட வேண்டும்.

சுகிர்தம் பிரசங்கத்தை மட்டும் பார்த்துப் பாட்டுப் போட்டதில்லை. சனிக்கிழமை மத்தியானம் மெஷினை மூடிவைத்துவிட்டுப் பாட்டுப் புத்தகத்தை மடியில் விரித்தால், கோயிலில் இருக்கிற ஒவ்வொரு முகமாக அவள் முன்னால் வந்து நிற்கும். யார் வீட்டில் பெண் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் போனார்கள், யாருக்கு வேலை போயிற்று, யார் புருஷனோடு பேசுவதில்லை எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் நிற்கும்போது காதில் விழுவதுதான். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் கிளார்க்காக இருந்த அமிர்தராஜின் குழந்தை பிறந்த மறுநாளே இறந்தபோது, அந்த வருஷம் கிறிஸ்துமஸ் வரைக்கும் 'பாலகன்' என்ற சொல் வருகிற பாட்டு ஒன்றைக்கூட அவள் போடவில்லை. யாரும் அதைக் கவனிக்கவில்லை. அமிர்தராஜும் கவனிக்கவில்லை. தனக்கு மனிதர்களோடு இருக்கிற உறவு இதுதான் என்று அவள் நினைத்துக்கொள்வாள். யாரோ ஒருத்தருக்காக ஒரு பாட்டு, அது அவருக்குத் தெரியாமலே.

1958-இல் அவளுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. பக்கத்து வீட்டு ஹாஜிராதான் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். ஹாஜிராவின் புருஷன் ஸ்டேஷன் வாசலில் சைக்கிள் கடை வைத்திருந்தார். காய்ச்சல் விட்டது, ஆனால் காதுக்குள் ஒரு இரைச்சல் தங்கிவிட்டது. கொஞ்ச நாளில் இரைச்சலும் போய், அதோடு மற்றதும் போகத் தொடங்கியது. முதலில் பல்லியின் சத்தம். அப்புறம் மழை. ரயில் வருவதைத் தரை அதிர்வதில்தான் தெரிந்துகொண்டாள். அறுபத்தொன்றில் முழுச்செவிடு.

தையலுக்குக் காது தேவைப்படவில்லை. வாசிப்பதற்கும் தேவைப்படவில்லை என்பதுதான் ஆச்சரியம். சின்ன வயசிலிருந்து வாசித்த பாட்டுகள் விரலில் இருந்தன. கட்டையை அழுத்தினால் உள்ளே ராகம் ஓடியது. அவள் வேகத்துக்குச் சபை பாடியது. யாராவது பேசினால் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வாள், புரியாவிட்டால் சிரித்து வைப்பாள். விஷயம் தெரிந்தவள் ஹாஜிரா ஒருத்திதான்.

சிக்கல் புதுப்பாட்டுகளால் வந்தது. அமிர்தராஜுக்கு நல்ல குரல். மெட்ராஸில் நடக்கும் கூட்டங்களுக்குப் போய்ப் புதுப்பாட்டுகளைக் கற்றுக்கொண்டு வந்து, தாளில் எழுதி அவளிடம் கொடுப்பான். ஆர்மோனியத்தின் பக்கத்தில் நின்று முழுசாகப் பாடியும் காட்டுவான். அவள் கேட்பதுபோலத் தலையாட்டுவாள்.

"எப்படிக்கா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. இந்த வாரம் வேண்டாமே, தம்பி."

எந்த வாரமும் வேண்டாம் என்றே ஆனது. கேட்காத மெட்டை அவள் எப்படி வாசிப்பாள்? அமிர்தராஜுக்குக் கசந்துபோயிற்று. "ஸ்ரீரங்கத்துலயே இருந்து பழகிட்டாங்க. ஏழு மதில் தாண்டித்தான் அக்கா மனசுக்குள்ள ஒரு பாட்டு போகணும்" என்று வேப்பமரத்தடியில் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். சுகிர்தமும் அவர்களைப் பார்த்துச் சேர்ந்து சிரித்தாள். என்ன சொன்னான் என்று கேட்க அங்கே ஹாஜிராவா இருந்தாள்? பிடிவாதக்காரி என்ற பெயர் மட்டும் அவளுக்குத் தெரிய வந்தது. செவிடு என்று தெரிவதைவிட அது தேவலாம் என்று விட்டுவிட்டாள்.

அறுபத்துமூன்று மே மாதம், கத்திரி வெயில். காணிக்கைப் பாட்டின் நடுவில் அமிர்தராஜின் அம்மா ஞானம்மாள் மயங்கி விழுந்தார். பெஞ்சு கவிழ்ந்தது. பெண்கள் அலறினார்கள். பாட்டு நின்றுபோயிற்று. சுகிர்தம் சபைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் வாசித்துக்கொண்டே இருந்தாள். அடுத்த சரணம், அதற்கடுத்த சரணம். தண்ணீர் கொண்டு ஓடியவர்கள்கூட ஒரு கணம் நின்று அவளைப் பார்த்தார்கள். கடைசி அடியை அவள் வழக்கம்போல் மெதுவாக இழுத்து முடித்தாள்.

அமிர்தராஜ் அவள் பக்கத்தில் வந்து நின்றான். ஜன்னல் வெளிச்சம் அவனுக்குப் பின்னால் இருந்தது. முகம் இருட்டாகத் தெரிந்தது.

"எங்கம்மா கீழ விழுந்து கிடக்காங்க. நீங்க வாசிச்சிட்டே இருக்கீங்க!"

அவன் வாய் அசைவது அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"அடுத்த பாட்டுக்குப் போயிடலாமா, தம்பி?"

அவன் சபைப் பக்கம் கையைக் காட்டினான். அதன் பிறகுதான் அவள் திரும்பினாள். கவிழ்ந்த பெஞ்சையும், எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும் ஞானம்மாளையும், தன்னையே பார்க்கிற அத்தனை முகங்களையும் பார்த்தாள். ஆர்மோனியத்தை மூடினாள். பக்கக் கதவு வழியாக வெளியே போனாள். பஸ்ஸில் கண்டக்டர் எதிரில் வந்து நின்றபோதுகூட அவள் நிமிரவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் போகவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையிலும் மெஷினை மிதித்தாள். தைத்ததைப் பிரித்துத் தைத்தாள். ஹாஜிரா வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டுப் போவாள்.

ஒரு சாயங்காலம் அமிர்தராஜ் சைக்கிளில் வந்தான். கதவைத் தட்டினான், மறுபடி தட்டினான். ஹாஜிரா எட்டிப் பார்த்தாள்.

"கதவைத் தட்டினா எப்படித் தம்பி கேக்கும்? ஜன்னல்கிட்ட போய் நில்லுங்க. நிழல் விழுந்தா நிமிர்ந்து பார்ப்பாங்க."

அவன் போய் நின்றான். தைத்துக்கொண்டிருந்த துணியின் மேல் நிழல் விழுந்தது. சுகிர்தம் நிமிர்ந்தாள். கதவைத் திறந்தாள். அவன் உள்ளே வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான். பிறகு முகத்தை நேராக வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னான்.

"ஏங்க்கா சொல்லலை?"

"சொன்னா வாசிக்க விட்டிருப்பீங்களா?"

அவன் தலையைக் குனிந்தான். அவள் அவன் முகவாயைத் தொட்டு நிமிர்த்தினாள்.

"குனிஞ்சுக்கிட்டுப் பேசாதீங்க. எனக்குத் தெரியாது."

"பேசலைக்கா. நான் ஒவ்வொரு பாட்டையும் உங்க பக்கத்துல நின்னு பாடினேனே. அதை நினைச்சேன்."

ஞானம்மாள் பிழைத்ததற்காக வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைத்திருந்தார்கள். பாட்டை அக்காதான் போட வேண்டும் என்று அம்மா சொல்லி அனுப்பியதாகச் சொன்னான். சுகிர்தம் பெட்டியைத் திறந்து, அவன் எழுதிக் கொடுத்த தாள்களை எடுத்தாள். ஒன்றையும் தூக்கிப் போடவில்லை. அதில் ஒன்றைக் காட்டிக் கேட்டாள்.

"இது எப்படி இருக்கும்?"

அவன் பாட வாயைத் திறந்து, மூடிக்கொண்டான். கையை உயர்த்தினான். "கீழ இருந்து ஆரம்பிக்கும். இங்க மேல போகும். இங்க நின்னு, மெதுவா இறங்கும்." கை காற்றில் ஏறி இறங்கியதை அவள் கண்ணிமைக்காமல் பார்த்தாள். மறுபடி செய்யச் சொன்னாள். அவன் செய்தான். அதிலிருந்து ஒரு ராகமும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

"வார்த்தை நல்லாருக்கு. இதையே போடுங்க" என்றாள்.

ஆர்மோனியத்தை அதற்குப் பிறகு இன்னொரு பெண் வாசித்தாள். பாட்டுப் போடுகிற வேலை மட்டும் சுகிர்தத்திடமே இருக்கட்டும் என்று போதகர் சொல்லிவிட்டார். ஆனால் பழையபடி இல்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால் அவளிடம் வாயைப் பெரிதாகத் திறந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு நகர்ந்தார்கள். வேப்பமரத்தடிப் பேச்சு அவளுக்கு வந்து சேரவில்லை. ஒரு ஞாயிறு மகிழ்ச்சிப் பாட்டாகப் போட்டிருந்தாள். இரண்டாவது வரிசையில் இருதயமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்த பிறகுதான், அவள் தங்கை அந்த வாரம் இறந்துபோனது தெரிந்தது. அன்று வீட்டுக்கு வந்து சுகிர்தம் சாப்பிடவில்லை.

அதன் பிறகு சனிக்கிழமை பாட்டுப் போடுவதை நிறுத்திவிட்டாள். ஞாயிறு முதல் ஆளாகப் போய்க் கேட் அருகில் நிற்பாள். உள்ளே வருகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பாள். மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பலகையில் எண் ஏறும். வாசிக்கிற பெண் முணுமுணுத்தாள். அமிர்தராஜ் அவளைச் சமாதானப்படுத்தினான்.

ஒரு நாள் ஆராதனை முடிந்து பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்த அமிர்தராஜ், எதிரில் வந்து நின்று கேட்டான்.

"எல்லாருக்கும் போடுறீங்க. உங்களுக்குன்னு ஒண்ணு போட்டுக்கிட்டதுண்டாக்கா?"

அவள் யோசித்தாள். பதில் சொல்வதற்குள் அவனுக்குப் பின்னால் பஸ் வந்துவிட்டது. ஹாரன் அடித்ததில் அவன் விலகினான். அவள் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். பாலத்தின் மேல் போகும்போது காவிரி நிறையத் தண்ணீர் போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா அதைக் காட்டி ஏதோ சொன்னார். சுகிர்தம் அவர் பக்கம் திரும்பி, "எனக்குக் காது கேக்காதுங்க" என்றாள். முன்பின் தெரியாத ஒருத்தரிடம் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டு, மாம்பழச்சாலை ஸ்டாப் வரும்வரை அவளோடு சேர்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார்.