பத்தாவது மேற்கோள்

ரத்தத்தில் உப்பும் சர்க்கரையும் அளப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் ஹைதராபாத்தில் நான் வேலை பார்க்கும் ஆய்வு நிலையத்தில் பேராசிரியர் ஆக, அளந்தால் மட்டும் போதாது. எழுத வேண்டும். எழுதியதை மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டவும் வேண்டும். என் கட்டுரைகளில் குறைந்தது பத்து, தலைக்குப் பத்து மேற்கோள் வாங்கியிருக்க வேண்டும் என்பது விதி. ஒன்பது கட்டுரைகள் கரையேறிவிட்டன. பத்தாவது, ஒன்பது மேற்கோளோடு அசையாமல் உட்கார்ந்திருந்தது. தேர்வுக் குழு கூட மூன்றே வாரம். இதை விட்டால் அடுத்த குழு கூடுவதற்குள் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

அந்தக் கட்டுரைதான் என் செல்லப்பிள்ளை. கொண்டாப்பூரில் எடுக்கும் ரத்தத்தை மௌலா அலியில் இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு பைக்கில் கொண்டுவருவார்கள். வழியெல்லாம் பள்ளம். குலுங்கிக் குலுங்கியே ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடுகிறது, நன்றாக இருப்பவரைக்கூட நோயாளியாகக் காட்டுகிறது என்று எழுதியிருந்தேன். ஒவ்வொருவரிடமும் இரண்டு டியூப் எடுத்தோம். ஒன்றை அங்கேயே சோதித்தோம், மற்றது பைக்கில் போனது. ரோடு போட்டவர்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறேன் என்று எனக்கு ஒரே பெருமை.

பல் தேய்க்கும் முன், மேற்கோள் எண்ணிக்கை காட்டும் இணையப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஒன்பது. சாப்பிட்டுவிட்டுப் பார்த்தாலும் ஒன்பது.

"நீயே இன்னொண்ணு எழுதி, அதுல இதைக் காட்டிடேன்" என்றார் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர்.

"நம்ம முதுகை நாமே தட்டிக்கிட்டா கணக்குல சேராதுங்க."

"வதிலேய் அம்மா" என்று மகள் தெலுங்கில் சொன்னாள். விட்டுவிடு என்று அர்த்தம். விடுகிற ஆளா நான்? ஒரு கருத்தரங்குக்கு இரண்டு டப்பா முறுக்கு கொண்டுபோய், கொடுத்த கையோடு என் கட்டுரையையும் நீட்டினேன். முறுக்கு தீர்ந்தது. பிள்ளையாருக்கு நூற்றெட்டுச் சுற்று வேண்டிக்கொண்டதைப் பற்றி இங்கே சொல்லப்போவதில்லை.

குழு கூட ஒன்பது நாள் இருக்கும்போது கூடத்தில் செல்போன் சிணுங்கியது. பத்து.

மொத்தக் கூடத்துக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். எங்கள் டெக்னீஷியன் ரயில்வே காலனியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, ஊர் வழக்கில் ஆமாம் போட்டபடி, "ஹவ் மேடம், நல்ல சேதிதான். என்ன எழுதியிருக்காங்க நம்மளைப் பத்தி?" என்று கேட்டார். எங்களை மேற்கோள் காட்டிய கட்டுரையை அதுவரை நான் படிக்கவே இல்லை. திறந்தேன். 'தவிர்க்க வேண்டிய பிழைகள்' என்ற தலைப்பின் கீழ், முதல் உதாரணமாக நான்.

நாங்கள் எல்லோரிடமும் முதல் டியூபை அங்கேயே வைத்துக்கொண்டு, இரண்டாவதை மட்டுமே பைக்கில் அனுப்பியிருந்தோம். ரப்பர் பட்டை கட்டி, கையை இறுக்கி மூடச் சொல்லி எடுக்கும்போது, நேரமாக ஆக அந்தக் கையிலேயே பொட்டாசியம் ஏறும். இரண்டாவது டியூப் படிதாண்டாமல் இருந்திருந்தாலும் கூடுதலாகத்தான் காட்டியிருக்கும். ரோட்டின் மேல் பழி போட முடியாது என்று எழுதியிருந்தார்கள்.

"மாத்தி மாத்தி அனுப்பியிருக்கக் கூடாதா?" என்று டெக்னீஷியன் மேல் பாய்ந்தேன்.

"நீங்கதானே மேடம் சொன்னீங்க? வீட்டுல முதல் கரண்டி சாமிக்கு, அப்புறம்தான் பந்திக்கு, அதனால முதல் டியூப் வெளிய போகக் கூடாதுன்னு."

சொன்னேன்தான். பதினெட்டு வருஷப் படிப்பு அந்தக் கரண்டியில் போயிற்று. வெட்கமாக இருந்தது. மைசூர்பாகைத் திருப்பிக் கேட்கவும் முடியாது.

"குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால குட்டுப்படணும்னு சொல்லுவாங்க" என்று வீட்டுக்காரர் தேற்றினார்.

"மோதிரமா? எழுதினவன் போன வருஷம்தான் பிஎச்.டி. முடிச்சிருக்கான்."

குழு கூடிய அன்று என் எதிரே ஐந்து பேர். கம்ப்யூட்டர் பத்து என்று காட்டியது, எல்லோரும் தலையாட்டினார்கள். தலைவர் நூற்றுக்கணக்கில் கட்டுரை எழுதிய பெரிய மனிதர். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது.

"சார், அந்தப் பத்தாவது மேற்கோள் என் தப்பைக் காட்டினது. அவங்க சொன்னதுதான் சரி. நான் திருத்தம் எழுதி அனுப்பப் போறேன். அதைச் சேர்க்கலாமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

சொன்ன பிறகுதான், பேராசிரியர் பதவியை நானே தூக்கி எறிந்துவிட்டேன் என்று தோன்றியது.

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். என் காகிதங்களைப் புரட்டினார். பிறகு இந்தியில் மெதுவாகச் சொன்னார்: "உங்க கட்டுரையை, தப்புக் கண்டுபிடிக்கிற அளவுக்கு ஒருத்தர் ஊன்றிப் படிச்சிருக்காரும்மா. என் கட்டுரைகளை எண்ணினவங்கதான் உண்டு."

கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார்.