நாலு துறைமுகக் காசு

ஹார்டுவேர் கடையில் கல்லாப் பெட்டிக்கு முன்னால் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவள் அக்கா. ஊரில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. கல்லா அக்கா என்றால் தெரியும். பெயிண்டும் பைப்பும் வாங்க வருகிறவர்கள் நீட்டுகிற நோட்டை விரலால் ஒரு தடவு தடவிவிட்டுத்தான் உள்ளே போடுவாள். முதலாளி வெளியூர் போனால் சாவியைப் பெண்டாட்டியிடம்கூடக் கொடுக்க மாட்டார், அக்காவிடம்தான் கொடுப்பார் என்று கடையில் கேலி பேசுவார்கள்.

அந்தச் சம்பளத்தில்தான் தங்கையும் தம்பியும் ஆளானார்கள். தம்பி படித்து வேலைக்குப் போன ஊரிலேயே குடும்பமாகிவிட்டான். தங்கைக்கு அக்காவே கல்யாணம் செய்து வைத்தாள். புருஷன் இறந்த பிறகு அவள் அக்கா வீட்டுக்கே திரும்பி வந்து, முன்னறையில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டாள். தன் கல்யாணத்தைப் பற்றி அக்கா யோசிக்கவில்லை. யோசிக்க யாரும் அவளை விடவும் இல்லை. தைத்து வரும் கூலியைத் தங்கை எண்ணாமல் கொள்ளாமல் அக்கா கையில் கொடுத்துவிடுவாள். வங்கி, வாடகை, கரண்ட் பில் எதுவும் அவளுக்குத் தெரியாது.

ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கும்போதே அக்கா வேலையை விட்டாள். உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போய்விட்டது என்றாள். முதலாளி கணக்குத் தீர்த்துக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதியை வங்கியில் போட்டுவிட்டு, மிச்சத்தில் இரண்டு பேருக்கும் கப்பல் சுற்றுலாவுக்கு டிக்கெட் எடுத்தாள். நாலு துறைமுகம், நாலு நாடு. தங்கைக்கு நம்ப முடியவில்லை. காசு மிச்சம் என்று ஒரு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிறவள், கப்பலில் போகலாம் என்கிறாள்!

கிளம்புவதற்கு முன்னால் டாலர் வாங்கியபோது அக்கா பழைய அக்காவாகத்தான் இருந்தாள். மடிப்பு விழுந்த நோட்டை அங்கே யாரும் தொட மாட்டார்கள் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, கசங்கியதைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினாள். கப்பலுக்குள் ரொக்கத்துக்கு வேலையில்லை. அறைக் கதவைத் திறக்கிற அட்டையை நீட்டினால் போதும், கணக்கு கடைசியில் வரும். கரையில் இறங்கினால்தான் அந்தந்த நாட்டுப் பணம் வேண்டும்.

முதல் துறைமுகத்தில் குறை ஒன்றும் இல்லை. இரண்டாவதில் டீக்கடைக்காரரிடம் முந்தின நாட்டுக் காசை நீட்டினாள். அவர் சிரித்தார், இவர்களும் சிரித்தார்கள். பக்கத்து அறைக்காரரான ஓய்வு பெற்ற வாத்தியாரும் அதே தப்பைச் செய்துவிட்டுப் பையைத் துழாவிக்கொண்டிருந்ததால், தங்கை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது துறைமுகத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. அக்கா இரண்டு தண்ணீர் பாட்டில் வாங்கினாள். மாற்றி வைத்திருந்த பணத்தை மொத்தமாகக் கடைக்காரி கையில் வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தாள். அந்தப் பெண் கடையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடி வந்து, அந்தப் பணக்கட்டைத் தங்கை கையில் திணித்தாள். இவ்வளவு இல்லை என்று விரலை ஆட்டிக் காட்டினாள். தெருவே வேடிக்கை பார்த்தது. தங்கைக்கு மானம் போன மாதிரி இருந்தது.

"உனக்கு என்னக்கா ஆச்சு? கல்லாவுல உட்கார்ந்தவதானே நீ? சின்னக் குழந்தைகூட இப்படிப் பண்ணாது."

அக்கா பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கப்பல் வரைக்கும் தங்கைக்குப் பின்னாலேயே நடந்து வந்தாள்.

பொழுது சாயும்போது இருவரும் மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கைக்குக் கோபம் ஆறியிருந்தது. திட்டியிருக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருந்தவளிடம் அக்கா மெதுவாகச் சொன்னாள்.

"இடுப்பு வலின்னு சொன்னேன்ல, அது பொய்டி."

தங்கை திரும்பிப் பார்த்தாள்.

"கல்லாவுல காசு குறைய ஆரம்பிச்சுது. என் கைக்காசைப் போட்டு நேர் பண்ணிட்டே இருந்தேன். அப்புறம் ஒருநாள் ஒரு ஆளு நோட்டைக் குடுத்துட்டு நிக்கிறாரு. மீதி எவ்வளவு குடுக்கணும்னு எனக்குத் தெரியல. நோட்டைப் பாக்குறேன், அவரு மூஞ்சியைப் பாக்குறேன். ஒண்ணும் வரல."

யாரிடமும் சொல்லாமல் டாக்டரைப் போய்ப் பார்த்திருக்கிறாள். மறதி வியாதி, மெல்ல மெல்லத்தான் முற்றும், ஆனால் குணப்படுத்த மருந்து இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் வேறு யாருக்கோ நடந்தது போல அக்கா சொல்லி முடித்தாள்.

"வெளிநாட்டுக் காசுன்னா எல்லாருமே தடுமாறுவாங்க. நான் தடுமாறுறது உனக்குத் தெரியாமலே ஊர் பாத்துட்டு வந்துடலாம்னு நினைச்சேன்."

 அக்கா தன் மடியிலிருந்த பணப்பையை எடுத்துத் தங்கை மடியில் வைத்தாள்.

"இனிமே இது உன்கிட்ட இருக்கட்டும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதேக்கா."

"எனக்குச் சொல்லித்தரத் தெரியுறப்பவே கேட்டுக்கோ."

நாலாவது துறைமுகத்தில் தங்கைதான் வரிசையில் நின்று பணம் மாற்றினாள். எந்த நோட்டு எவ்வளவு என்று பார்ப்பதற்குள் அவளுக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. அக்கா ஒரு நார்த் தொப்பியைக் காட்டி, வேண்டும் என்றாள். கேட்ட விலையைத் தங்கை அப்படியே கொடுத்தாள். பாதி விலைக்கு அடுத்த கடையில் தொங்குகிறதே என்று வாத்தியார் வந்து சொன்னார். தங்கை சட்டென்று அக்காவைப் பார்த்தாள். கால்காசு கூடப் போனாலும் திரும்பிப் போய் ஒரு பிடி பிடித்துவிட்டு வருகிற அக்கா, தொப்பியை இப்படியும் அப்படியும் சாய்த்துவைத்து, கடைக் கண்ணாடியில் முகம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வியாதி என்றால் என்னவென்று தங்கைக்கு அப்போதுதான் உறைத்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஊர் திரும்பிய பிறகு, தெளிவாக இருந்த நாட்களில் அக்கா சொல்லிக்கொடுத்தாள். வங்கியில் எந்த ஜன்னலுக்குப் போக வேண்டும், வாடகையை யாரிடம் கொடுக்க வேண்டும், தைக்கக் கொடுத்துவிட்டுக் கூலியை இழுத்தடிக்கிறவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எல்லாம். தங்கை தப்புத் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டாள். அடுத்த வருஷம் அந்தத் தெளிந்த நாட்களும் குறைந்துபோயின. குளிக்க வைக்க வேண்டும், ஊட்டிவிட வேண்டும் என்றாயிற்று. தங்கை மிஷினை உள்ளறைக்கு நகர்த்தி, அக்கா கண்ணில் படுகிற மாதிரி போட்டுக்கொண்டாள்.

செய்தி தெரிந்து தம்பி வந்தான். அக்கா அவனுக்கு உட்கார நாற்காலி காட்டினாள், யாரோ வாடிக்கையாளரைப் போல. வெகுநேரம் அவள் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். புறப்படும்போது தங்கையிடம் குறைப்பட்டுக்கொண்டான்.

"இப்படி ஒரு வியாதியை வெச்சுக்கிட்டு கப்பல்ல போய்க் காசைக் கரைச்சிருக்கீங்களே. இப்போ வைத்தியத்துக்கு ஆகியிருக்கும்ல?"

தங்கை மிஷினை நிறுத்தினாள்.

"அவ சம்பாதிச்ச காசு. அது காசுன்னு அவளுக்குத் தெரியுறப்பவே செலவு பண்ணினா. விடு."

அவன் பர்ஸிலிருந்து கொஞ்சம் நோட்டுகளை எடுத்து அக்கா கையில் வைத்தான். கண் கலங்கியிருந்ததை மறைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். அக்கா அந்த நோட்டுகளை மடித்தாள், மறுபடியும் மடித்தாள், சின்னதாக்கி ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"யாரு வந்துட்டுப் போனது?" என்று கேட்டாள்.

"தம்பி."

"யாரு தம்பி?"

"நம்ம தம்பிக்கா."

அக்கா கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லவனா?"

"நல்லவன்தான்," என்றாள் தங்கை. "நீதானே வளர்த்தே."