சித்தப்பாவின் பாஸ்வேர்டு

சித்தப்பாவின் பழைய கம்ப்யூட்டர் மூடியைக் கழற்றியதும் சூடேறிய தூசி வாடை அடித்தது. முன்பு, இதே குயின் ஸ்திரீட் மாடிவீட்டில், டிவிப் பெட்டிக்குப் பின்னால் அடித்த அதே வாடை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப்படம் பார்க்க, அப்போது நாங்கள் இருந்த பத்து காவான் எஸ்டேட்டிலிருந்து ஃபெரி ஏறிக் கடல் தாண்டி அப்பா என்னை இங்கே கூட்டி வருவார். சித்தப்பா அப்பாவுக்கு இளையவர். ஆனாலும் ஒருநாளும் அண்ணே என்று கூப்பிட்டதில்லை.

"ஏய் எஸ்டேட்டு, கீழ உக்காருலா. சோபா அழுக்காயிடும்."

வந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். அப்பாவும் சிரித்தபடி பலகைத் தரையில் உட்காருவார். சாகும்வரை அவர் இங்கே எஸ்டேட்டுதான். கூச்சத்தில் நானும் எதுவும் கேட்டதில்லை.

பழைய டிஸ்கை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். மெமரியையும் கூட்டினேன். புது பாஸ்வேர்டும் நானே வைத்தேன்.

"சீக்கிரம்லா, லண்டன்ல பேத்தி வீடியோ காலுக்குக் காத்துக்கிட்டிருக்கா. பாஸ்வேர்டு என்ன?"

"அண்ணேன்னு அடிங்க சித்தப்பா. இங்கிலீஷ் எழுத்துல."

அவர் என்னையே பார்த்தார். "வேற மாத்துடா."

"மாத்தத் தெரியாது சித்தப்பா. நான் ஆறாம் வகுப்போட நின்னவன்தானே."

ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். ஓர் எழுத்து தப்பாகிவிட்டது.

"பரவாயில்ல," என்றேன். "மறுபடியும் அடிங்க. தினமும் அடிச்சா பழகிடும்."