வரப்புக்கும் கரைக்கும் ஒரு ஜோடி ஷூ

மாமனாருக்குப் பக்கவாதம் வந்தபோது மூன்று மாதம் கூட இருந்து பார்த்துக்கொண்டால் போதும் என்றுதான் பேச்சு. கணவர் மஸ்கட்டில் இருந்தார். மகள் கல்லூரி விடுதியில். சென்னை வீட்டில் நான் மட்டும்தான். மெடிக்கல் கோடிங் வேலையை வீட்டிலிருந்தே செய்பவள் நான், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. நான் போவேன் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

நீடாமங்கலத்திலிருந்து நாலு கிலோமீட்டர், ஆற்றை ஒட்டிய ஊர். மாமனாருக்கு வலது கையும் காலும் வராது. மாமியாருக்கு முழங்கால் வலி, அவரைத் தூக்க முடியாது. காலையில் அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, துடைத்து, கஞ்சி கொடுத்துவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால், நடுவில் ஆறேழு தடவை எழுந்திருக்க வேண்டும். மூன்று மாதம் மூன்று வருடம் ஆனது.

சென்னையில் நான் ஓடிக்கொண்டிருந்தவள். கடற்கரைச் சாலையில் நாலைந்து பெண்களாகச் சேர்ந்து காலையில் பத்து கிலோமீட்டர் ஓடுவோம். அந்த ஷூவைப் பெட்டியில் வைத்து எடுத்து வந்திருந்தேன். முதல் வருடம் மொட்டைமாடியில் எட்டுப் போட்டு நடந்தேன். கைப்பிடிச் சுவரிலிருந்து தண்ணீர்த் தொட்டி, தொட்டியிலிருந்து சுவர். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் வயல். நான் மட்டும் ஒரு எட்டுக்குள் திரும்பித் திரும்பி வந்துகொண்டிருந்தேன்.

இரண்டாம் வருடம் கீழே இறங்கினேன். ஐந்தேகாலுக்குக் கிளம்பி ஆறேகாலுக்குள் வந்துவிட வேண்டும், ஆறரைக்கு மாமனார் விழித்துக்கொள்வார். கொஞ்ச தூரம் தார் ரோடு. அப்புறம் ஆற்றங்கரை, கப்பி பெயர்ந்து கல் துருத்திக்கொண்டிருக்கும். அதிலிருந்து இறங்கி வரப்பு வழியாக வந்தால் வீட்டுக் கொல்லை. கோடையில் பிரச்சினை இல்லை. புரட்டாசியில் மழை பிடித்ததும் வரப்பு சோப்பு மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாள் வழுக்கி, வாய்க்கால் ஓரத்து நாற்றங்காலில் விழுந்தேன். முழங்கால் வரை சேறு. காலை உருவினால் கால் வந்தது, ஷூ வரவில்லை.

நாற்றுப் பறிக்க வந்திருந்த ஒரு பெண் ஓடி வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"என்னங்க ஆச்சு? யாரு வீட்டுல என்னன்னு இப்படி ஓடுறீங்க?"

"ஒண்ணும் இல்லைங்க. சும்மாதான் ஓடுனேன்."

"சும்மாவா?" அவர் முழங்கை வரை சேற்றில் விட்டுத் துழாவி ஷூவை வெளியே எடுத்தார். வாய்க்கால் தண்ணீரில் அலசி, திருப்பிப் பார்த்தார். "இதுக்கு அடியில ஒண்ணுமே இல்லையே. தேஞ்சுபோன டயரு மாதிரி இருக்கு. வழுக்காம என்ன செய்யும்?"

கணுக்கால் வீங்கிவிட்டது. நொண்டிக்கொண்டே மாமனாரைத் தூக்கினேன். மாமியார் திட்டவில்லை. "நீயும் படுத்துட்டா நா என்ன செய்வேன்?" என்று மட்டும் கேட்டார். நிஜமாகவே பயந்து கேட்டார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அன்று கணவரிடம் போனில், இந்த மண்ணுக்கு வேறு ஷூ வாங்க வேண்டும் என்றேன்.

"அங்க எதுக்கும்மா தனியா ஒரு ஷூ? ரோட்டுல மட்டும் ஓடு, இதே போதும். எப்படியும் சித்திரைக்கு சென்னை போயிடப்போறோம்."

அது அவர் சொன்ன மூன்றாவது சித்திரை. அவர் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். நானும் நம்பியதால்தான் அந்தப் பழைய ஷூவையே வைத்திருந்தேன். அது சென்னை ரோட்டுக்கான ஷூ. அது இருக்கும்வரை நான் இங்கே விருந்தாளி.

கால் சரியானதும் வேலைக்கு நடுவே இணையத்தில் தேட ஆரம்பித்தேன். கரடுமுரடான பாதையில் ஓட, பெண்களுக்கான டிரெயில் ஷூ என்று போட்டால் மலையும் பாறையும் பனியுமாக வந்தது. களிமண் வரப்பு பற்றி ஒருவரும் எழுதவில்லை. அளவும் குழப்பம். எனக்கு விரல் பக்கம் அகலம், குதிகால் ஒடுக்கம். ஆண்கள் ஷூவில் சின்ன அளவு எடுத்தால் குதிகால் ஆடும், பெண்கள் ஷூ என்றால் சுண்டுவிரல் நசுங்கும். போட்டுப் பார்க்காமல் வாங்க முடியாது. பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துப் போக எங்கள் ஊருக்கு ஆள் வராது. தஞ்சாவூருக்குத்தான் போக வேண்டும். தஞ்சாவூர் ஒரு மணி நேரம்தான். ஆனால் எனக்கு அரை நாள் விடுப்பு கிடைக்க ஐந்து வாரம் ஆனது. திருவையாற்றில் இருக்கும் நாத்தனார் ஒரு சனிக்கிழமை வந்து இருப்பதாக ஒத்துக்கொண்டாள். மருந்து, கஞ்சி, துணி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் பஸ் ஏறினேன்.

முதல் கடையில் நுழைந்ததும், "பையனுக்காங்க மேடம்?" என்றார் கடைக்காரர். எனக்கு என்றதும் ரோஸ் நிறத்தில் நாலு ஜோடி எடுத்துப் போட்டார். எல்லாம் பூங்காவில் நடப்பதற்கானவை. இரண்டாவது கடை மாடியில். அங்கே விற்பனைக்கு நின்ற பெண் கல்லூரியில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடியவளாம். அவள் முதலில் என் பாதத்தைப் பார்த்தாள், பிறகு கேட்டாள்.

"எந்த மாதிரி இடத்துல ஓடுவீங்கக்கா?"

சொன்னேன். தார் ரோடு எவ்வளவு தூரம், கப்பி எங்கே ஆரம்பிக்கும், மதகுக்குப் பக்கத்தில் எந்த இடத்தில் எப்போதும் ஈரம் இருக்கும், எந்த வரப்பு அகலம், எதில் நண்டு வளை இருக்கும், தண்ணீர் விட்ட பிறகு எது கரையும், தை மாதத்தில் எது இறுகி வெடிக்கும். சொல்லிக்கொண்டே போனவள் நடுவில் நிறுத்திவிட்டேன். இவ்வளவும் எனக்கு எப்போது தெரிந்தது என்று இருந்தது. சென்னையில் நான் ஓடிய சாலையைப் பற்றி இதில் பாதிகூடச் சொல்ல முடியாது. இந்தப் பெண் கொண்டுவரப் போகிற ஷூ எங்கள் ஊருக்கு மட்டும்தான் உதவும். அதை வாங்குவது, இங்கேயே இருக்கிறேன் என்று கையெழுத்துப் போடுவதுபோல் இருந்தது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

அவள் இரண்டு ஜோடி கொண்டுவந்தாள். ஒன்றில் அடியில் ரப்பர் பற்கள் ஆழமாக, நெருக்கமாக இருந்தன. பார்க்கவே டிராக்டர் சக்கரம்தான்.

"இது நல்லா கடிக்கும்க்கா. ஆனா களிமண்ணு உள்ள போய் ஒட்டிக்கும், ரெண்டு நிமிஷத்துல கால் கனக்கும். கல்லு மேலயும் குத்தும்." இன்னொன்றைத் திருப்பிக் காட்டினாள். பற்கள் அவ்வளவு ஆழமில்லை, இடைவெளி அதிகம். "இதுல மண்ணு தானா உதிரும். சோலும் ரொம்ப உசரமில்ல. வரப்புல உசரமான ஷூ போட்டாத்தான் கணுக்கால் மடங்கும்."

கொண்டுபோயிருந்த ஓடும் சாக்ஸைப் போட்டுக்கொண்டு அதற்குள் காலை விட்டேன். முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருந்தது. படிக்கட்டில் ஏறி இறங்கச் சொன்னாள். வண்டி ஏற்றும் சரிவில் ஓடி இறங்கச் சொன்னாள். குதிகால் எழவில்லை, விரல் முன்னால் இடிக்கவில்லை. அதற்குள் நாத்தனாரிடமிருந்து இரண்டு போன். "அண்ணி, அப்பா கஞ்சி குடிக்க மாட்டேங்குறாரு. எப்ப வருவீங்க?" மூன்றாவது அழைப்புக்கு முன் பழுப்பு நிறத்தில் இருந்த அந்த இரண்டாவது ஜோடியை வாங்கிவிட்டேன்.

திரும்பும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில் முன்னும் பின்னுமாகப் போய்க்கொண்டிருந்தது. பஸ் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிவிட்டார். அப்போதுதான் அடுத்த போன்.

"அண்ணி, அப்பா கட்டில்லேர்ந்து விழுந்துட்டாரு. என்னாலயும் அம்மாவாலயும் தூக்க முடியல."

"தலையில அடிபட்டிருக்கா? பேசுறாரா?"

"நெத்தியில வீங்கியிருக்கு. பேசுறாரு. உங்களத்தான் கேக்குறாரு."

பக்கத்து வீட்டில் ஆண்கள் யாரும் இல்லை, வேலைக்குப் போயிருந்தார்கள். தலைக்குத் தலையணை வைத்து அப்படியே படுக்கவிடச் சொன்னேன். பஸ்ஸுக்கு முன்னாலும் பின்னாலும் வண்டிகள். கேட் திறந்தபோது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உள்ளே புகுந்து நடுவில் சிக்கிக்கொண்டன. இன்னும் அரை மணி ஆகும் என்றார் கண்டக்டர். நான் இறங்கினேன். ஆட்டோ ஒன்றும் அசைய முடியாமல் நின்றது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து புது ஷூவைப் போட்டுக்கொண்டேன். பழைய செருப்பைப் பெட்டியில் வைத்து, "அப்பறம் வந்து எடுத்துக்கறேங்க" என்று கடைக்கார அம்மாவிடம் கொடுத்தேன். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, வண்டிகளுக்கு நடுவே தண்டவாளத்தைத் தாண்டி, ஓட ஆரம்பித்தேன்.

பட்டப்பகல். அதுவரை இருட்டு பிரியாத நேரத்தில் மட்டும் ஓடியவள், சுடிதாரும் ஷூவுமாக ஊர் முழுக்கப் பார்க்க ஓடினேன். தெரிந்தவர் ஒருவர் வண்டியை மெதுவாக்கி, "ஏறுங்க, நா விடுறேன்" என்றார். கரை வழி கிட்டக்க, வண்டி போகாது என்று சொல்லிவிட்டுக் கரைப் பக்கம் ஓடினேன். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. கப்பி மேல் கால் நின்றது. மதகுக்குப் பக்கத்து ஈரத்தில் நின்றது. முந்தின நாள் மழையில் ஊறிய வரப்பில், நான் விழுந்த அதே மாதிரி வரப்பில், நின்றது. மாமனாருக்கு என்ன ஆனதோ என்று அந்த இருபத்தைந்து நிமிடமும் பயந்தேன், சந்தோஷமாகவும் இருந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஷூவோடு உள்ளே போய்விட்டேன். அவர் தரையில் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தார். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்திருந்தபடி அக்குளில் கை கொடுத்து, நாத்தனாரை முழங்காலைப் பிடிக்கச் சொல்லி, கட்டிலில் ஏற்றினேன். நெற்றியில் வீக்கம் தவிர வேறு அடி இல்லை. சாயங்காலம் டாக்டரும் பார்த்துவிட்டு அதையே சொன்னார். மாமியார் முழங்கால் வலியோடு குனிந்து, நான் உள்ளே கொண்டுவந்த சேற்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "விடுங்கத்தை, நா தொடைக்கிறேன்" என்றேன். "நீ போயி தண்ணி குடி" என்றார்.

நாத்தனார் அடுப்படியில் நின்று அழுதாள். "ஒரு நாளைக்கே என்னால முடியல அண்ணி. நீங்க எப்படி தெனம் செய்றீங்க?" அவளே அண்ணனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்லிவிட்டு, போனை என்னிடம் நீட்டினாள்.

"பயந்துட்டேன்மா," என்றார் கணவர். "கொஞ்சம் பொறுத்துக்க. சித்திரைக்கு..."

"இனிமே சித்திரைன்னு சொல்லாதீங்க. வரமுடியாதுன்னா வரமுடியாதுன்னு சொல்லுங்க. அதுக்குத் தகுந்த மாதிரி நா இங்க இருந்துக்கறேன்."

அப்போதுதான் கான்ட்ராக்டை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டியிருப்பதாகவும், எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இருந்ததாகவும் சொன்னார். நான் கத்தவில்லை. காலையில் வந்து போக ஒரு ஆள் வேண்டும் என்றேன். சரி என்றார்.

இப்போது காலையில் ஒரு அம்மா வருகிறார். நாத்தனார் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வருகிறாள். ஷூவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், மழைக்காலத்தில் மண் அப்படியொன்றும் தானாக உதிர்வதில்லை, பம்புசெட்டில் கழுவினால் காய இரண்டு நாள் ஆகிறது, தார் ரோட்டில் பற்கள் தேய்கின்றன. ஆனால் விழவில்லை.

போன மாதம் நாத்தனார் வந்த சனிக்கிழமை, ஆற்றங்கரையோடு மன்னார்குடி வரைக்கும் ஓடினேன். தெப்பக்குளத்துப் படியில் டீயோடு உட்கார்ந்தேன். அங்கிருந்து இன்னும் எங்கெங்கோ ரோடு போகிறது. டீ ஆறும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்குப் போகும் பஸ்ஸுக்காக எழுந்து நின்றேன்.